பழைய இருப்புப்பாதைப் பாலப் படங்களும் நீர்வழிச் சான்றும்: காட்டூர் – பழவேற்காட்டுப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஆறுகள், ஓடைகள், கழிமுகங்கள் ஆகியவற்றின் மீது கட்டப்பட்ட இருப்புப்பாதைப் பாலங்களின் பழைய ஒளிப்படங்கள் பெரும்பாலும் பொறியியல் நினைவுச் சின்னங்களாகவோ ஏக்கம் தரும் காட்சிகளாகவோ மட்டுமே பார்க்கப்படுகின்றன. அவற்றை நீர்வழி வரலாற்றின் ஆவணங்களாகப் படிக்க இயலும் என்பதையும், அவ்வாறு படிக்கும்போது நேரக்கூடிய பிழைகள் யாவை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. எண்ணூர் முதல் சூளூர்ப்பேட்டை வரை பழவேற்காடு ஏரிக்கு மேற்கே செல்லும் இருப்புப்பாதை களமாகக் கொள்ளப்படுகிறது. ஒப்பீட்டிற்குப் பாம்பன், அரியலூர் ஆகிய இரு நிகழ்வுகளின் படங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. விளக்கமுறை அணுகுமுறை பின்பற்றப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: ஒளிப்பட ஆவணம், இருப்புப்பாதைப் பாலம், கழிமுகம், கொற்றலையாறு, ஆரணியாறு, பழவேற்காடு, காட்டூர்.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் அமைந்துள்ள காட்டூர், ஏரிப்பாசனமும் உப்பங்கழியும் அருகருகே அமைந்த நிலப்பகுதியைச் சேர்ந்தது. அதற்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் மீனவக் குப்பங்களும் கடலும் உள்ளன. மேற்கே மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வழியாகச் சென்னை – கூடூர் இருப்புப்பாதை வடக்கு நோக்கிச் செல்கிறது. காட்டூரில் தொடர்வண்டி நிலையம் இல்லை. எனினும் அவ்வூரின் நீருக்கும் இருப்புப்பாதைக்கும் நெருங்கிய உறவு உண்டு. இப்பகுதியின் ஆறுகளும் ஓடைகளும் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகின்றன. இருப்புப்பாதையின் கரையோ தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிறது. எனவே மேற்கே பெய்யும் மழைநீர் ஏரிகளையும் கழியையும் சேர்வதற்கு அக்கரையில் விடப்பட்டுள்ள திறப்புகளைக் கடந்தே ஆகவேண்டும். அத்திறப்புகளே பாலங்கள்.

பாலம் என்பதை ஆற்றைக் கடக்க மனிதர் அமைத்த வழி என்றே பொதுவாக வரையறுக்கிறோம். கரைக்குக் கிழக்கே வாழ்பவரின் நிலையிலிருந்து நோக்கினால், அது கரையைக் கடக்க நீருக்கு விடப்பட்ட வழியாகும். பழைய பாலப் படங்களை எவ்வாறு படிப்பது என்ற வினாவிற்கு இந்த இரண்டாவது வரையறையே பயன்தரும் தொடக்கமாக அமைகிறது.

பாதையின் வரலாறு

தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பகுதியின் வாலாஜா சாலை வரை ஓடியது. கிழக்குக் கடற்கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் வழி அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தது. 1899இல் சென்னைக்கும் பெசவாடாவிற்கும் (இன்றைய விசயவாடா) இடையே இணைப்பு நிறைவுற்றதால், கடற்கரை வழியே கல்கத்தா வரை தொடர்ந்து செல்ல வழி பிறந்தது. பின்னர் 1908இல் மதராஸ் இரயில்வேயும் சதர்ன் மராட்டா இரயில்வேயும் இணைந்து ஒரே நிறுவனமாயின. 1951 ஏப்ரல் 14இல் தென்னக இரயில்வே உருவானது.

இப்பாதை அமைவதற்கு முன்னர் இப்பகுதியின் போக்குவரத்து நீர்வழியே நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டப்பட்டுக் காக்ரேன் கால்வாய் எனப்பட்ட நீர்வழி, படிப்படியாகப் பழவேற்காட்டிற்கும் அதற்கு அப்பாலும் நீட்டிக்கப்பட்டது. 1876–78ஆம் ஆண்டுப் பஞ்ச நிவாரணப் பணிகளின்போது சென்னைக்குள் கூவமும் அடையாறும் இணைக்கப்பட்ட பின், அன்றைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் என வழங்கலாயிற்று. விறகும் உப்பும் நெல்லும் படகுகளில் நகருக்குச் சென்றன. சென்னையின் 'சால்ட் கோட்டர்ஸ்' என்ற சரக்கு நிலையப் பெயரில் உப்புக் கொட்டாரம் என்னும் தமிழ்ச்சொல் இன்றும் ஒளிந்திருக்கிறது. பேசின் பிரிட்ஜ் என்ற பெயரும் கால்வாயின் படகுத்தேக்கத்தை நினைவூட்டுவது. தொடர்வண்டி நிலையங்களின் பெயர்களுக்குள்ளேயே படகுப் போக்குவரத்து புதைந்து கிடப்பதை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

எண்ணூருக்கு வடக்கே கொற்றலையாற்றையும், பொன்னேரியை அடுத்து ஆரணியாற்றையும், சூளூர்ப்பேட்டையருகே காளங்கியையும், நாயுடுப்பேட்டையருகே சுவர்ணமுகியையும் இப்பாதை கடக்கிறது. இவற்றிற்கிடையே பெயரற்ற ஓடைகளின் மீது எண்ணற்ற சிறுபாலங்கள் உள்ளன. சிறுபாலத்தைக் குறிக்கும் 'கல்வர்ட்' என்ற ஆங்கிலச் சொல் மக்கள் வழக்கில் 'கல்வெட்டு' எனத் திரிந்து வழங்குகிறது. "அந்தக் கல்வெட்டாண்ட" என்று ஊரார் வழிகாட்டும்போது சாசனத்தைத் தேடிச் செல்லும் வரலாற்று மாணவர் சிறுபாலத்தின் முன் நிற்க நேரிடலாம்.

தலைப்புகளில் மறையும் ஆறுகள்

பழைய படங்களைத் தேடுவோர் முதலில் எதிர்கொள்ளும் தடை பெயர்களே. கொற்றலையாறு ஆங்கில ஆவணங்களில் 'கோர்ட்டலியார்' எனப் பல எழுத்துக்கூட்டல்களில் காணப்படுகிறது. அரசு வழக்கில் அது கொசஸ்தலையாறு. ஆரணியாறு பழைய குறிப்புகளில் நாராயணவனம் அல்லது நாரணவரம் ஆறு எனப்படும். இதனை வடார்க்காட்டு ஆரணியோடு குழப்பிக்கொள்வோரும் உண்டு, இரண்டிற்கும் தொடர்பில்லை. பழவேற்காடு 'புலிக்காட்' ஆனது. 'சென்னையருகே ஓர் ஆறு', 'மதராஸ் இரயில்வே, பாலம்' என்ற அளவில் மட்டும் தலைப்பிடப்பட்ட படத்தை ஒரு குறிப்பிட்ட இடத்தோடு பொருத்துவதற்குத் தலைப்பு உதவாது. படத்தின் உட்சான்றுகளே உதவும்.

அவ்வாறு பொருத்தும்போது முதலில் சோதிக்க வேண்டியது படம் இடவலம் மாறி அச்சிடப்பட்டுள்ளதா என்பதாகும். கண்ணாடி எதிர்த்தகட்டைப் புரட்டிவைத்து அச்சிட்டால் கிழக்கு மேற்காகும். கடல் இருக்குமிடத்தில் நிலமிருக்கும். படத்தில் எழுத்துகள் தெரிந்தால் ஐயம் எளிதில் தீரும். எழுத்தில்லாதபோது, நீரைப் பிளக்கும் தூணின் கூர்முனை எந்தப் பக்கம் உள்ளது, நிழல் எப்பக்கம் விழுகிறது, தந்திக் கம்பங்கள் பாதையின் எந்த ஓரத்தில் நிற்கின்றன என்பவற்றைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும். கூர்முனை ஓட்டம் வரும் திசையை நோக்கியிருக்கும். ஆனால் ஏற்றவற்றம் உள்ள கழிமுகங்களில் நீர் இரு திசையிலும் ஓடுவதால் தூணின் இருபுறமும் வளைவாகவோ கூராகவோ அமைக்கப்படுவதுண்டு. அத்தகைய இடங்களில் இச்சான்று பயன்படாது.

கருவியின் இயல்பும் காட்சியின் இயல்பும்

ஒளிப்படக் கலை சென்னைக்கு விரைவாகவே வந்துசேர்ந்தது. 1850இல் கலைப்பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியால் 1856இல் சென்னை ஒளிப்படக் கழகம் தோன்றியது. அதே காலத்தில் லின்னேயஸ் டிரைப் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். பின்னர் வீல் அண்டு கிளைன் போன்ற படப்பிடிப்பு நிலையங்கள் நகரில் செயற்பட்டன, படஅஞ்சலட்டைகளும் பரவின.

இக்கலையின் தொழில்நுட்ப எல்லைகளை அறியாமல் ஆற்றின் நிலையைப் படத்திலிருந்து கூறுதல் ஆபத்தானது. 1851இல் அறிமுகமான ஈரக் கொல்லோடியன் முறையில் ஒளிபடும் நேரம் நொடிக்கணக்கில் நீண்டது. அதனால் ஓடும் நீர் பால்போல வழவழப்பாகப் பதிந்தது. துள்ளும் ஓடையும் தேங்கிய குளம்போலத் தோன்றும். நகரும் படகும் வலையிழுக்கும் மனிதரும் புகைப்படலமாகக் கரைந்தனர் அல்லது அடியோடு மறைந்தனர். ஆகவே இத்தகைய படத்தில் ஆட்கள் இல்லை என்பதிலிருந்து அந்த ஓடையில் தொழில் நடக்கவில்லை என்று முடிவு செய்யலாகாது. வானமும் அத்தகையதே. அக்காலத் தகடுகள் நீல ஒளிக்கு மிகுதியாக உணர்வுடையவை. நீலவானம் மேகமற்ற வெண்மையாகப் பதியும். டிரைப் தம் எதிர்ப்படங்களில் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார் என்பது நன்கறியப்பட்ட செய்தி. எனவே கார்மேகம் தெரிகிறது என்பதனால் அது மழைக்காலப் படம் ஆகிவிடாது.

1870களின் இறுதியில் உலர்தகடுகள் விற்பனைக்கு வந்தபின் நொடியின் சிறுபகுதியில் படமெடுக்க முடிந்தது. கூடூர்ப் பாதையின் பாலங்கள் எழுந்த காலம் இந்த இரண்டாம் கட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே இப்பாதையின் படங்களில் அலையும் ஆளும் தெளிவாகத் தெரிவதை எதிர்பார்க்கலாம். படஅஞ்சலட்டையாயின் அதன் பின்புறம் காலத்தைச் சொல்லும்: செய்திக்கும் முகவரிக்கும் தனித்தனி இடம் பிரிக்கப்பட்ட அட்டைகள் பிரிட்டனில் 1902 முதலே அனுமதிக்கப்பட்டன, பிற நாடுகளில் அதன் பின்னரே பரவின.

எந்தப் பருவத்தின் படம்?

மேற்கூறியவற்றைக் காட்டிலும் பெரிய சிக்கல் ஒன்று உள்ளது. அதுவே இக்கட்டுரையின் மையப் பொருள்.

தமிழகக் கடற்கரை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையைப் பெறுகிறது. ஆற்றுப் படுகையில் அடித்தளமிடும் பணி அம்மாதங்களில் நடைபெற இயலாது. செங்கல்லாலோ கல்லாலோ கிணறுபோன்ற உருளையைக் கட்டி, உள்ளிருக்கும் மணலை அகழ்ந்தெடுத்து, தன் எடையாலேயே அதைக் கீழிறக்கும் கிணற்று அடித்தள முறை இந்நாட்டில் பழைமையானது; இருப்புப்பாதைப் பொறியாளர்களும் அதனைக் கைக்கொண்டனர். நீர் வடிந்து மணல் தெரியும் மாதங்களே அப்பணிக்கு உகந்தவை. பணி நடைபெறும்போதும் முடிவுற்றபோதும் நிறுவனத்தின் சார்பில் படமெடுக்கப்பட்டது. ஆகவே கட்டுமானக் காலப் படங்களில் நம் ஆறுகள் அவற்றின் மிக மெலிந்த நிலையில் காட்சியளிக்கின்றன. டிரைப்பின் புகழ்பெற்ற தென்னாட்டுப் பயணமும் 1857 டிசம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டின் கோடைக்குள் நிறைவுற்றதே. மதுரையில் வைகையையும் அதன் குறுக்கே சென்ற தரைப்பாலத்தையும் அவர் எடுத்த படம் அந்த உலர்பருவத்திற்குரியது. பெருஞ்சுமையான கருவிகளை வண்டியில் ஏற்றிச் செல்பவர் மழைக்காலத்தில் புறப்படமாட்டார்.

இதற்கு நேர்மாறானவை விபத்துப் படங்கள். 1956 நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில் சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி விரைவு வண்டி அரியலூர் அருகே மருதையாற்றில் வீழ்ந்தது. வெள்ளம் பாலத்தையொட்டிய பகுதியை அரித்திருந்தது. 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இருப்புப்பாதைத் துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் மருதையாறு பலருடைய நினைவில் வெள்ளமாகவே நிலைபெற்றுவிட்டது. செய்தித்தாள்கள் அதனைப் படம்பிடித்த நாள் அத்தகையது.

பாம்பன் பாலத்தின் படவரலாறும் இவ்வாறே இரு முனைகளில் குவிந்துள்ளது. 1914 பிப்ரவரி 24இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் ஷெர்சர் உருள்தூக்குப் பகுதி இருபுறமும் உயர்ந்து நிற்க, அமைதியான கடலில் கலம் கடந்துசெல்லும் காட்சி ஒரு முனை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலுக்குப் பின் உத்திரங்களை இழந்து தூண்கள் மட்டும் வரிசையாக நிற்கும் காட்சி மறுமுனை. இங்கே படத்தலைப்புப் பிழை ஒன்றையும் சுட்டவேண்டும். அன்றிரவு பயணியரோடு அழிந்த பாம்பன் – தனுஷ்கோடி வண்டி பாலத்திலிருந்து கடலில் வீழ்ந்ததாகப் பல படத்தலைப்புகள் கூறுகின்றன. அவ்வண்டி பாலத்தில் வீழவில்லை. தீவின் கிழக்கே, தனுஷ்கோடியை நெருங்கும் நிலையில் கடலலையால் வாரிச் செல்லப்பட்டது. உத்திரங்கள் இழந்த பாலத்தின் படமும் அவ்வண்டியின் செய்தியும் ஒரே பக்கத்தில் வெளிவந்ததால் இரண்டும் ஒன்றாகிவிட்டன எனக் கருத இடமுண்டு. ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் மீட்கப்பட்டதைப் பலரும் அறிவர். கடலடியில் கிடந்த உத்திரங்களைக் கண்டறிய மீனவர் தந்த தகவல் துணைநின்றது என்பதை அறிந்தோர் குறைவு.

கட்டுமானப் படம் வறட்சியைக் காட்டுகிறது. விபத்துப் படம் பெருவெள்ளத்தைக் காட்டுகிறது. இரண்டிற்கும் இடைப்பட்ட நாட்களின் ஆறு, அதாவது மீனவரும் உழவரும் நாள்தோறும் கண்ட ஆறு, படங்களில் மிகக் குறைவு. ஆவணக் காப்பகத்தில் இல்லாத அந்த நடுநிலைக் காட்சியை வாய்மொழி வழக்காறுகளிலிருந்தே நிரப்ப வேண்டியுள்ளது. பழவேற்காட்டு மீனவர் பாடு என்னும் முறைப்படி மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். எந்த மாதத்தில் முகத்துவாரம் தூரும், எப்போது திறக்கும், இறால் எவ்வழியே ஏறும் என்ற அறிவு அம்முறைக்குள் அடங்கியுள்ளது. ஓடைகளில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களின் அறிவு அதனினும் நுண்ணியது. பழைய படம் ஒன்றை அவர்கள்முன் வைத்து 'இது எந்த மாதம்?' என்று வினவுதல், எந்த ஆய்வுக்கூடச் சோதனைக்கும் குறைந்த முறையன்று.

பாலத்தை அளவுகோலாகக் கொள்ளல்

தமிழில் பாலத்தின் ஒவ்வோர் இடைவெளியையும் 'கண்' என்கிறோம். கொல்லம் – செங்கோட்டைப் பாதையிலுள்ள புகழ்பெற்ற பாலம் பதின்மூன்று கண்களால் பெயர்பெற்றது. பழைய படத்தில் முதலில் எண்ண வேண்டியது இக்கண்களையே. ஏனெனில் பாலத்தின் நீளம் கூடக்கூடச் செலவு கூடும். மண்கரை மலிவு, கண் விலைமிக்கது. வணிக நோக்குடைய நிறுவனமோ சிக்கன அரசோ தேவையின்றி ஒரு கண்ணைக்கூட மிகுதியாக அமைத்திராது. எனவே படத்தில் பத்துக் கண்களில் இரண்டில் மட்டும் நீர் ஓடுவதாகத் தெரிந்தாலும், மற்ற எட்டும் வீணல்ல. அவை மழைக்கால நீரின் அகலத்தைப் பற்றி அன்றைய பொறியாளர் செய்த கணிப்பின் எழுத்துவடிவம் எனலாம்.

படத்திலிருந்து நீளத்தைக் கணக்கிடவும் வழியுண்டு. இப்பாதை அகலப்பாதை, இரு தண்டவாளங்களின் உட்புற இடைவெளி 1676 மி.மீ. பாலத்தின் முனையிலிருந்து நேராக எடுக்கப்பட்ட படத்தில் அதுவே அளவுகோல். பக்கவாட்டுப் படத்தில் தூணின் செங்கல் வரிசைகளை எண்ணி உயரத்தை அறியலாம். தூண் இன்றும் நின்றால் நேரில் அளந்து ஒப்பிடலாம். இரட்டைப்பாதை அமைக்கும்போது பழைய பாலத்தின் அருகே புதிய பாலம் எழுவதும், பழைய தூண்கள் விட்டுவைக்கப்படுவதும் இயல்பு.

தூண்களின் மேலுள்ள கறைகளும் பேசும். உவர்நீர் ஏறும் இடங்களில் சிப்பியும் பாசியும் ஒட்டி வளரும். அவ்வளர்ச்சியின் மேல்விளிம்பு நாள்தோறும் நீர் எட்டும் உயரத்தைக் குறிக்கிறது. சென்னைக் கடற்கரையில் ஏற்றவற்றத்தின் வேறுபாடு பெருநாட்களிலும் ஏறத்தாழ 1 மீட்டர் அளவே. எனவே அக்கோடு மெல்லியதாகவே இருக்கும். ஆனால் தூணில் அக்கோடு இருப்பதே கடல்நீர் அந்த இடம்வரை வந்து சென்றது என்பதற்குச் சான்றாகும். ஓர் ஓடை நன்னீர் வடிகாலா, கழிமுகத்தின் கிளையா என்ற வழக்கு எழும்போது இச்சான்றின் மதிப்புப் புலப்படும்.

எண்ணூர்க் கழிமுகமும் இன்றைய வழக்கும்

அத்தகைய வழக்கு கற்பனையன்று. 1990களில் வட சென்னை அனல்மின் நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் (இன்றைய காமராசர் துறைமுகம்) செயல்படத் தொடங்கியபின் கொற்றலையாற்றின் கழிமுகப் பகுதி பெரிதும் மாறியது. மின்நிலையச் சாம்பல் குழாய்களிலிருந்து கசிந்து கழியில் படிந்ததும், அது பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதும் பொதுப்பதிவில் உள்ளவை. 1996இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடத்தில் காணப்பட்ட கழிமுகத்தின் பெரும்பகுதி, பிற்கால வரைபடத்தில் விடுபட்டுள்ளதாக 2017இல் செயற்பாட்டாளர்களும் மீனவர்களும் குற்றஞ்சாட்டினர். 'இங்கே நீர் எப்போது இருந்தது?' என்பதே எதிர்த்தரப்பின் வினாவாக அமையும் இடங்களில், பழைய பாலப் படத்திற்குப் பழைமை மதிப்பைத் தாண்டிய எடை உண்டாகிறது.

அந்த எடையை இரு தரப்பினரும் தவறாகப் பயன்படுத்தலாம் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. கோடைக் காலக் கட்டுமானப் படத்தைக் காட்டி, இது எப்போதும் மணல்மேடே எனக் கூறிவிடலாம். வெள்ளக் காலப் படத்தைக் காட்டி, இது முழுவதும் ஆண்டு முழுதும் கழியே எனவும் கூறிவிடலாம். பழவேற்காடு ஏரியின் பரப்பே பருவத்திற்கும் ஏற்றவற்றத்திற்கும் ஏற்ப 250 முதல் 450 சதுர கி.மீ. வரை மாறுவதாகக் குறிப்பிடப்படுகிறது. இவ்வாறு மாறிக்கொண்டேயிருக்கும் நீர்நிலைக்கு ஒரு நாளின் படம் எல்லைக்கோடாகாது. கண்களின் எண்ணிக்கை, தூணின் கறை, கரையோரத் தாவரங்கள், படகின் வகை, நிழலின் நீளம் ஆகியவை ஒருசேர ஒரே முடிவைச் சுட்டும்போதே படம் சான்றாக நிற்கும்.

காட்டூரை நோக்கின் இவ்வினா ஏரிகளோடு தொடர்புறுகிறது. ஆரணியாற்று வெள்ளநீரைக் கொண்டு காட்டூர், தத்தைமஞ்சி ஏரிகளை நீர்த்தேக்கமாக மேம்படுத்தும் திட்டம் அண்மைக்காலத்தில் மேற்கொள்ளப்பட்டது. கடல்நீர் உட்புகுவதால் உவர்ப்பாகிவரும் நிலத்தடி நீருக்கு அது மாற்றாகும் என்பது எதிர்பார்ப்பு. 2015, 2023ஆம் ஆண்டுகளின் மழைவெள்ளம் வட சென்னையையும் பொன்னேரிப் பகுதியையும் மூழ்கடித்தபோது, இருப்புப்பாதைக் கரையைத் தாண்டி நீர் எத்தனை கண்கள் வழியே கிழக்கே வடிந்தது என்பது கரைக்கு இருபுறமும் வாழ்பவர்க்கு வெவ்வேறு பொருள் தந்த வினா. மேற்கே உள்ளவர் கண் அடைபட்டிருந்தால் மூழ்குவர். கிழக்கே உள்ளவர் அக்கண் திறந்திருந்தால் வெள்ளத்தையும், அடைபட்டிருந்தால் ஏரியின் வறட்சியையும் பெறுவர்.

மீள்படப்பிடிப்பு

இப்பகுதியில் உடனடியாகச் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. தென்னக இரயில்வேயின் பழைய பதிவுகள், பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டியுள்ள இருப்புப்பாதை அருங்காட்சியகம், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகத் தொகுப்பு ஆகிய இடங்களில் தேடத்தக்கன தேடப்படல் வேண்டும். கிடைக்கும் ஒவ்வொரு படத்திற்கும் படமெடுத்தவர் நின்ற புள்ளியைக் கண்டறிந்து, அதே புள்ளியிலிருந்து இன்று மீண்டும் படமெடுக்கலாம். தூண்களின் ஒன்றையொன்று மறைக்கும் ஒழுங்கு அப்புள்ளியைத் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும். மீள்படம் ஒருமுறை மட்டும் எடுக்கப்பட்டால் மேலே சுட்டிய பருவப் பிழையே மீண்டும் நேரும். சித்திரையில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று, மழை ஓய்ந்த தையில் ஒன்று என மூன்றேனும் வேண்டும். கழிமுகப் பாலமாயின் ஏற்றத்தில் ஒன்றும் வற்றத்தில் ஒன்றும் எடுத்து, நாளும் நேரமும் குறித்துவைத்தல் வேண்டும்.

இரு செயல்முறைக் குறிப்புகள். இருப்புப்பாதைப் பாலத்தின்மீது நின்று படமெடுப்பதற்கு இரயில்வேயின் முன் இசைவு தேவை. ஆற்றுப்படுகையிலிருந்தோ படகிலிருந்தோ எடுப்பதே பழைய படங்களின் கோணத்திற்கும் பெரும்பாலும் பொருந்தும். படகு ஓட்டுபவர் அந்த ஓடையில் தொழில் செய்பவராக இருப்பின், அவர் சொல்லும் இடப்பெயர்களையும் அதே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். தூண்களுக்கும் கண்களுக்கும் இரயில்வே எண் இட்டிருக்கும். மீனவர் அவற்றிற்கு வேறு பெயர் வைத்திருக்கக்கூடும். அப்பெயர்கள் எந்தக் காப்பகத்திலும் கிடைப்பவையல்ல.